நீட்டிய பழத்தை வாங்கிக்கொள்ளுங்கள்

அன்புள்ள வாசகி அவர்களுக்கு,

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதாகவும், பிள்ளைகள் அவரவர் ஊரில் நிலைகொண்டுவிட்டதாகவும், ஜப்பானின் ஷிகோகு தீவு யாத்திரைக்குத் தனியாகப் போக ஆசை என்றும் எழுதியிருந்தீர்கள். மூன்று கேள்விகளும் கேட்டிருக்கிறீர்கள். இந்த வயதில் நடக்க முடியுமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? முன்பின் தெரியாதவர்கள் கொடுப்பதை வாங்கிச் சாப்பிடுவது கூச்சமாக இருக்காதா? உங்களைவிட நாலைந்து வயது மூத்தவள், அந்தப் பாதையில் தனியாக நடந்தவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். மூன்றாவது கேள்வியை வேறு சிலரும் கேட்டிருப்பதால் இதைப் பொதுக் கடிதமாகவே எழுதுகிறேன்.

நடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 88 கோவில்கள், தீவைச் சுற்றி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். முழுக்க நடந்தால் ஒன்றரை மாதம் ஆகும். ஆனால் முழுக்க நடந்தே தீர வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. காரிலும் பேருந்திலும் சுற்றுகிறவர்களே அதிகம். வருடத்துக்குக் கொஞ்சமாகப் பிரித்து நடப்பவர்களும் உண்டு. தொக்குஷிமா பக்கம் ரியோசென்ஜி என்ற முதல் கோவிலில் தொடங்குங்கள். முதல் பத்துக் கோவில்கள் யோஷினோ ஆற்றின் வடகரையில் அடுத்தடுத்து இருக்கின்றன. பாதையும் பெரும்பாலும் சமதரை. பன்னிரண்டாவது கோவிலான ஷோசான்ஜிக்கு மலையேற வேண்டும். அதற்குள் உங்கள் முழங்காலே உங்களுக்குப் பதில் சொல்லிவிடும்.

சாப்பாடு அவ்வளவு சுலபமில்லை. கோவில் விடுதி என்றால் சைவம்தான் என்று நினைத்துப் போகாதீர்கள்; ஷிகோகுவில் பல கோவில் விடுதிகளிலும் இரவுச் சாப்பாட்டில் மீன் வரும். முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற மீனைவிடத் தெரியாத மீன்தான் சிக்கல். ககாவா பகுதியின் பெருமை உதோன். தடித்த கோதுமை நூடுல்ஸ், கடைக்குக் கடை பக்குவம் மாறும். அதன் சாறு நெத்திலிக் கருவாட்டில் இறக்கியது. கோச்சிப் பகுதியில் சூரை மீனை வைக்கோல் தீயில் மேலாக வாட்டி, உள்ளே பச்சையாகவே நறுக்கிக் கொடுப்பார்கள். நீங்கள் அதைத் தாண்டி வந்துவிடலாம். சாறில்லாத உதோனில் சோயா சாஸ் மட்டும் ஊற்றி, துருவிய முள்ளங்கி சேர்த்துத் தரச் சொல்லலாம். அந்த சாஸிலும் மீன் கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உப்பில் ஊறிய புளிப்புப் பழம் வைத்த சோற்று உருண்டை எல்லா ஊர்க் கடையிலும் இருக்கும். எஹிமே பக்கம் போய்விட்டால் கமலா ஆரஞ்சு. அங்கே அது பழம் மட்டுமல்ல, மரியாதையும்கூட.

அந்தப் பழம்தான் உங்கள் மூன்றாவது கேள்விக்குக் கொண்டுவந்து விடுகிறது. வெள்ளை மேலாடையும் கோரைத் தொப்பியும் கைத்தடியுமாக நீங்கள் நடக்கும்போது, வயலில் குனிந்திருந்த ஒரு பாட்டி எழுந்து வந்து நாலு பழத்தைக் கையில் திணிப்பார். ஒருவர் தேநீருக்கு அழைப்பார். இன்னொருவர் சைக்கிளை நிறுத்தி நூறு யென் நாணயத்தை நீட்டுவார். இதற்கு ஒசெத்தாய் என்று பெயர். யாத்திரிகர் அதை மறுக்கக் கூடாது என்பது பழைய வழக்கம்.

“வாழ்நாள் முழுக்க என் சம்பளத்தில் சாப்பிட்டேன், யாரிடமும் கை நீட்டியதில்லை” என்று எழுதியிருந்தீர்கள். அந்த ரோஷம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தத் தீவு சொல்லும் கதைகளைக் கேளுங்கள். அவற்றில் பல, கொடுத்தவர்களின் கதையல்ல. கொடுக்க மறுத்தவர்களின் கதை.

எமோன் சபுரோ என்ற பணக்காரர் வீட்டுக்குத் துறவி ஒருவர் பிச்சைக்கு வந்தார். சபுரோ அவரை விரட்டினார். மீண்டும் மீண்டும் வந்ததால் ஆத்திரத்தில் பிச்சைப் பாத்திரத்தைத் தட்டிவிட்டார். அது எட்டுத் துண்டாக உடைந்தது. பிறகு அவருடைய எட்டுப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக இறந்தார்கள். வந்தவர் கோபோ தாய்ஷி என்ற மகான் என்று அறிந்து, மன்னிப்புக் கேட்கத் தேடிப் புறப்பட்டார் சபுரோ. தீவை 20 முறை சுற்றியும் காணவில்லை. 21-ஆம் முறை எதிர்த் திசையில் நடந்தார். ஷோசான்ஜி மலைச்சரிவில் உயிர் போகும் நேரத்தில் துறவி எதிரே வந்து நின்றார். இந்த யாத்திரையின் முதல் யாத்திரிகர் இவர்தான் என்கிறது ஐதீகம். லீப் ஆண்டுகளில் எதிர்த் திசையில் சுற்றினால் புண்ணியம் அதிகம் என்பார்கள். அந்த நம்பிக்கையும் இந்தக் கதையிலிருந்து வந்ததுதான்.

முரோத்தோ முனைப் பக்கம் இன்னொரு கதை. கிழங்கு கேட்ட அதே துறவியிடம் “இது தின்ன முடியாத கிழங்கு” என்று பொய் சொன்னார் ஒருவர். அன்றிலிருந்து அந்தக் கிழங்கு உண்மையிலேயே தின்ன முடியாததாகிவிட்டது. ஓசு என்ற ஊரில் இரவு தங்க ஒருவரும் இடம் கொடுக்காததால், அந்தத் துறவி பாலத்தடியில் குளிரில் படுத்தாராம். அதனால் இன்றும் யாத்திரிகர்கள் பாலங்களில் கைத்தடியை ஊன்றுவதில்லை. கீழே தூங்குகிறவரின் தூக்கம் கலையக் கூடாதல்லவா?

கோபோ தாய்ஷி கற்பனை மனிதரல்லர். கூக்காய் என்ற பெயரில் 774-இல் இந்தத் தீவிலேயே பிறந்து, சீனா போய்ப் படித்துத் திரும்பி, ஷின்கோன் பௌத்தத்தை நிறுவி, 835-இல் மறைந்தவர். மேலே சொன்னவை அவரைச் சுற்றி மக்கள் கட்டிக்கொண்ட கதைகள். ஒரு பிடி சோற்றை மறுத்தால் என்ன ஆகும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்கே சொல்லிக்கொண்ட ஊர் அது. கொடுப்பவர்கள் இயல்பிலேயே நல்லவர்கள் என்று சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. எடோ காலத்தில், இன்றைய கோச்சியான தோசாவின் ஆட்சியாளர்கள் யாத்திரிகர்களைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். குறிப்பிட்ட சாவடிகள் வழியாக மட்டுமே உள்ளே விட்டார்கள், தங்கும் நாளுக்கும் கணக்கு வைத்தார்கள். நோயாளிகளும், ஊரால் ஒதுக்கப்பட்ட தொழுநோயாளிகளும், வீடற்றவர்களும் அந்தப் பாதையிலேயே பிச்சையெடுத்து வாழ்ந்து அங்கேயே இறந்திருக்கிறார்கள். வெறுப்பும் இரக்கமும் ஒரே சாலையில் நடந்தன. அந்தப் பாட்டி நீட்டும் பழம் இந்த வரலாற்றின் நல்ல பக்கத்தில் நிற்க அவர் எடுக்கும் முடிவு என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. தனியாக நடக்கும் யாத்திரிகரோடு தாய்ஷியும் நடக்கிறார் என்பது நம்பிக்கை. தொப்பியிலேயே இருவர் பயணம் என்று எழுதியிருக்கும். கொடுப்பது அவருக்கும் சேர்கிறது. நடக்க முடியாதவர்கள் உங்கள் காலில் தங்கள் யாத்திரையையும் ஏற்றி அனுப்புகிறார்கள். கடலுக்கு அப்பால் வகயாமாவிலிருந்து குழுவாகப் படகேறி வந்து தானம் செய்யும் வழக்கமே இருந்திருக்கிறது. நம் ஊரில் பழனிப் பாதயாத்திரைக்காரர்களுக்கு மோர்ப் பந்தல் போடுகிறவரிடம் “வேண்டாம்” என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகம் எப்படி மாறுகிறது என்று தெரியும்.

வாங்குவதற்கும் முறை இருக்கிறது. இரு கையாலும் வாங்கித் தலை தாழ்த்துங்கள். பெயரும் ஊரும் எழுதிய ஒசாமெஃபுதா என்ற சீட்டைப் பதிலாகக் கொடுங்கள். முதல் முறை போகிறவருக்கு வெள்ளைச் சீட்டு. முழு முகவரி வேண்டாம், ஊர்ப் பெயர் போதும். அந்தக் காலத்தில் இந்தச் சீட்டுகளை வைக்கோல் பையில் சேர்த்து வீட்டுக் கூரையில் காப்பாகத் தொங்கவிட்டார்கள். ஆக, நீங்களும் ஒன்று கொடுத்துவிட்டுத்தான் போகிறீர்கள். மீன் வைத்த சோற்று உருண்டை வந்தால்? வாங்கிக்கொண்டு பின்னால் வரும் யாத்திரிகரிடம் சேர்த்துவிடுங்கள். கேட்டு மட்டும் வாங்காதீர்கள். இன்று யாரும் ஒன்றும் தரவில்லையே என்று கணக்குப் பார்க்கவும் தொடங்காதீர்கள். அங்கே கெட்டுப்போகக்கூடியது அது ஒன்றுதான்.

முடித்தவர்கள் பலர் நன்றி சொல்லக் கோயா மலைக்குப் போவார்கள். தாய்ஷி அங்கே இன்னும் தியானத்தில் இருப்பதாக நம்பி, தினமும் இரண்டு வேளை அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறார்கள் துறவிகள். அது முழுச் சைவம் என்பதையும் உங்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

மார்ச் கடைசியிலோ அக்டோபரிலோ போங்கள். சிறிய பையாக எடுத்துக்கொண்டு, அதிலும் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். எஹிமேயில் பழம் சேர்ந்துவிடும். டிக்கெட் போட்டதும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சிநேகிதி