பூட்டிய பெட்டிக்குள் தேடலாமா?

திண்டுக்கல் என்றதும் வெளியூர் அன்பர்களுக்கு நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று மலைக்கோட்டை, மற்றொன்று பூட்டு. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அப்பூட்டின் பெருமையை நம் ஊரார்க்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஈண்டு நான் எழுதப் புகுந்தது, கண்ணுக்குத் தெரியாத வேறொரு பூட்டினைப் பற்றி.

இப்பாடத்தில் எனக்கு ஆர்வம் பிறந்ததற்கு ஒரு குடும்ப நிகழ்ச்சியே காரணம். சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தைக்குக் காசநோய் கண்டது. மருத்துவமனை ஒன்றில் சோதனை செய்துகொண்டார். முடிவை அவர் எங்களிடம் சொல்லும் முன்பே, தெருவில் நாலு பேர் துக்கம் விசாரிப்பது போல வந்துவிட்டனர். கணிப்பொறித் திரையில் அவர் பெயரைக் கண்ட யாரோ ஒருவர் வாய் திறந்திருக்கிறார். வெட்கத்தால் அத்தை மருந்து வாங்கப் போவதையே நிறுத்திவிட்டார். என் தந்தை வற்புறுத்தி மீண்டும் அழைத்துச் சென்றதால் உயிர் பிழைத்தார். அக்கணிப்பொறிக்குக் கடவுச்சொல் இல்லாமல் இல்லை. ஆனால், உள்ளே நுழைந்த எல்லாருக்கும் எல்லாமும் தெரிந்தது. குறை அங்கேதான்.

இன்று பல நிறுவனங்கள் தம் ஏடுகளைத் தம் கட்டடத்தில் வைத்துக்கொள்வதில்லை. வேறொருவர் தொலைவில் நடத்தும் கணிப்பொறிகளில் இடத்தை வாடகைக்கு எடுத்து வைக்கின்றன. இதனையே மேகக் கணிமை என்கிறோம். அடுத்தவர் கிட்டங்கியில் நம் பெட்டிகளை அடுக்குவது போன்றது இது. ஆகவே பூட்டித்தான் வைக்க வேண்டும். எழுத்துகளைக் கணித முறையில் உருமாற்றி, திறவுகோல் உடையவர் மட்டுமே படிக்குமாறு செய்வதே அப்பூட்டு. அதற்கு மறையாக்கம் என்று பெயர்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஆயிரம் பெட்டிகளுள் காசநோய் பற்றிய ஏடுகள் மட்டும் வேண்டுமென்று மருத்துவர் கேட்கிறார். கிட்டங்கிக்காரர், “எல்லாம் பூட்டியிருக்கிறதே, சாவியைக் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்” என்கிறார். கொடுத்தால் இரகசியம் போயிற்று. ஆயிரம் பெட்டிகளையும் வீட்டுக்கு வரவழைத்துத் திறந்து பார்ப்பதானால் கிட்டங்கி எதற்கு?

இதற்கு வழிகண்டவர்கள் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களான டான் சாங், டேவிட் வாக்னர், ஏட்ரியன் பெரிக் ஆகிய மூவர். அவர்கள் கட்டுரை 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆனால் அம்முறையில் ஒரு சொல்லைத் தேட எல்லா ஏடுகளையும் வரிசையாகத் துருவ வேண்டும். 2006-இல் வேறு ஆய்வாளர்கள், நூலின் கடைசியில் உள்ள சொல்லடைவு போன்ற ஓர் அடைவினைக் கொண்டு அவ்வேலையைப் பெரிதும் குறைத்தனர்.

அது நடைபெறும் விதம் வருமாறு: ‘காசநோய்’ என்னும் சொல்லை மருத்துவமனை தன் இரகசியத் திறவுகோலோடு சேர்த்துக் கணக்கிட்டு ஒரு குறியாக மாற்றுகிறது. அது ‘7394’ என்று வைத்துக்கொள்வோம். அடைவில் சொல் இராது. குறியும், அதற்குரிய ஏடுகளின் எண்களுமே பூட்டிய நிலையில் இருக்கும். மருத்துவர் தேடும்போது அவருடைய கணிப்பொறி அதே குறியைக் கணக்கிட்டு அனுப்புகிறது. கிட்டங்கி பொருத்திப் பார்த்து, பூட்டிய ஏடுகளைப் பூட்டியபடியே அனுப்புகிறது. எதைத் தேடினோம் என்பதும், எதைக் கொடுத்தோம் என்பதும் அதற்குத் தெரியாது.

அடுத்த வினா: யார் திறக்கலாம்? நம் ஊர் லீவர் பூட்டினுள் பல தகடுகள் உண்டு. சாவி ஒவ்வொரு தகட்டையும் உரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். இத்தகடுகளைப் போல நிபந்தனைகளைப் பூட்டுக்குள்ளேயே வைக்கும் முறையும் வந்துவிட்டது. அமித் சகாய், பிரெண்ட் வாட்டர்ஸ் ஆகியோர் 2005-இல் இதற்கு அடிகோலினர். ‘மருத்துவராகவும் இருக்க வேண்டும், காசநோய்ப் பிரிவிலும் இருக்க வேண்டும்’ என்ற விதியோடு ஏட்டினைப் பூட்டலாம். கண் மருத்துவரும் காசநோய்ப் பிரிவு எழுத்தரும் தத்தம் சாவிகளைச் சேர்த்துப் பார்த்தாலும் திறக்காது. இதுவே இம்முறையின் தனிச்சிறப்பு எனலாம்.

குறைகளும் இல்லாமல் இல்லை. கடிதத்தைப் பிரிக்காமலே, எந்த வீட்டுக்கு எத்தனை கடிதம் வருகிறதென்று தபால்காரர் அறிவார் அல்லவா? அதுபோல, ஒரே குறி எத்தனை முறை வருகிறது, எத்தனை ஏடுகள் போகின்றன என்பதைக் கிட்டங்கி கவனிக்கலாம். இதைக் கொண்டே சொற்களை ஊகிக்க முடியும் என்று 2012-இல் ஆய்வாளர்கள் காட்டினர். வேலை மாறிச் சென்றவரிடமிருந்து சாவியைத் திரும்பப் பெறுவதும் எளிதன்று.

இருப்பினும் இம்முயற்சி இன்றியமையாதது. 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் தாக்கப்பட்டு, பல நாட்கள் கையால் எழுதியே பணி நடந்ததை நாடறியும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தனிமனிதத் தரவுகளைக் காக்கும் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. சட்டம் உரிமையைச் சொல்கிறது. பூட்டினைச் செய்ய வேண்டியவர்கள் கணிதமும் கணிப்பொறியும் பயிலும் நாம்.

மாணவ நண்பர்களே! நாளை நம்மில் சிலர் இத்தகைய பூட்டினைச் செய்வோம். பலர் அதன் சாவியை வைத்திருப்போம். உரிமையோடு ஏட்டினைத் திறந்து படித்தவரின் வாய்க்கு எந்தக் கணிதமும் பூட்டுப் போடாது. அந்தப் பூட்டினை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். என் அத்தை போன்றோர் தலைநிமிர்ந்து மருந்து வாங்கச் செல்வதற்கு இரண்டு பூட்டுகளும் வேண்டும்.