அந்த இருபது அறைகளை யார் சுத்தம் செய்வது?

அன்புள்ள மருமகளுக்கு,

ஸ்விட்சர்லாந்தில், லொசானில் ஓட்டல் மேனேஜ்மென்ட் படிக்க இடம் கிடைத்துவிட்டது என்று உன் அம்மா சொன்னாள். ரொம்பச் சந்தோஷம். கூடவே இன்னொன்றும் சொன்னாள்: "சமையல், சர்வீஸ் என்றால் அவளுக்கு உயிர், அக்கவுண்ட்ஸ் என்றால்தான் வேப்பங்காய்." அதற்காகத்தான் இந்தக் கடிதம். இந்தத் துறைக்குள் காலெடுத்து வைக்கிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

வருகிறவர்களை மனசாரக் கவனிப்பது வேறு, கணக்குப் பார்ப்பது வேறு என்று நீ நினைக்கிறாய் போலிருக்கிறது. நான் பார்த்தவரை, மனசு இருக்கிறவர்களுக்குத்தான் கணக்கு அதிகம் தேவைப்படுகிறது. பணம் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாத மேனேஜர், மாதக் கடைசியில் முதலாளி நெருக்கும்போது எங்கே கை வைப்பார்? ஆட்களின் சம்பளத்தில்தான். இரண்டு பேரை நிறுத்துவார், மீதிப் பேருக்கு டியூட்டி நேரத்தை நீட்டுவார். ஒழுகுகிற இடம் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும்.

ஒழுகல் எப்படி இருக்கும் என்று ஒரு மீனை வைத்துச் சொல்கிறேன். ஒரு பேச்சுக்கு, வஞ்சரம் கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொள். 10 கிலோ வாங்கினால் 8,000. தலை, வால், குடல், நடுமுள் எல்லாம் போய் 6 கிலோ சதை தேறினால், உன் அடுப்புக்கு வருகிற மீனின் விலை கிலோ 800 இல்லை, 1,333. தட்டுக்கு 180 கிராம் வைத்தால் மீனுக்கு மட்டும் 240 ரூபாய். ஃபுட் காஸ்ட், அதாவது பொருள் செலவு, விற்கிற விலையில் 30 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்றால் மெனுவில் 800 போட்டாக வேண்டும். இதுவரை பாடப் புத்தகத்திலேயே இருக்கும். இப்போது வெட்டுகிறவன் புதுப் பையன், கத்தி மழுங்கல், முள்ளோடு சதையும் போகிறது, ஐந்தரை கிலோதான் தேறுகிறது என்று வை. தட்டுக்கு 22 ரூபாய் கூடிவிடும். நாளைக்கு 40 தட்டு போனால் மாதம் 26,000 ரூபாய்க்குப் பக்கம். நம் ஊர் ஓட்டல்கள் பலவற்றில் கமி குக் எனப்படும் இளநிலைச் சமையல்காரருக்கு அவ்வளவு சம்பளம் கிடையாது. அந்தப் பையனுக்கு வெட்டச் சொல்லிக் கொடுத்து நல்ல கத்தியும் வாங்கிக் கொடுத்தால், இன்னொரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிற பணம் குப்பைத் தொட்டியிலிருந்து திரும்பி வரும்.

இன்னும் பின்னால் போனால், சரக்கு இறங்குகிற ரிசீவிங் வாசலில், பெட்டியில் உருகிய ஐஸ் தண்ணீரோடு மீனை எடை போட்டு வாங்கியிருப்பார்கள். தண்ணீரை வடித்துவிட்டு எடை போடச் சொல்ல ஒருவர் அங்கே நிற்க வேண்டும். நீ போகிற ஊரில் வஞ்சரம் கிடைக்காது. லெமான் ஏரிக்கரை முழுக்க பெர்ச் மீன்தான் பேர்போனது. சின்ன மீன், கழிவு அதிகம். சமையலறையில் நிற்கிற முதல் வாரத்திலேயே அதை நீயே சுத்தம் செய்து, முன்னும் பின்னும் எடை போட்டு எழுதி வை.

நீ சேரும் பள்ளி 1893-இல் தொடங்கியது. உலகத்திலேயே மூத்த ஓட்டல் பள்ளி அதுதான். முதல் வருஷம் அடுப்படி, சர்வீஸ், ரூம் என்று சுற்ற வைத்துவிட்டுத்தான் பொருளாதாரம், நிதி என்று மேலே ஏற்றுவார்கள். அந்த வரிசை சரியான வரிசை என்பது என் அபிப்பிராயம். மாணவர்கள் வேலை செய்கிற, அந்தப் பள்ளியின் உணவகத்துக்கு மிஷெலின் நட்சத்திரமே உண்டு. அங்கே தட்டு தூக்குகிற நாட்களில் அந்தப் பெருமையில் மயங்கிவிடாமல், ஒரு மேசைக்கு எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்று எண்ணிப் பார்.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 1922-இல் ஓட்டல் படிப்பைத் தொடங்கியபோது, எல்ஸ்வொர்த் ஸ்டாட்லருக்கு அதில் நம்பிக்கை இல்லை. பதின்மூன்று வயதில் பெல்பாயாகச் சேர்ந்து பெரிய ஓட்டல் அதிபரானவர் அவர். ஓட்டல் வேலையைக் கல்லூரியில் எப்படிக் கற்பது என்று நினைத்தார். மாணவர்கள் தாங்களே ஒரு ஓட்டலை நடத்திக் காட்டியதை நேரில் பார்த்த பிறகுதான் மனம் மாறினார். இன்று கார்னெல் வளாகத்தில் மாணவர்கள் பயிலும் ஓட்டல் அவர் பெயரில் நிற்கிறது. ஆனால் நீ அவரிடம் கவனிக்க வேண்டியது வேறொன்று. 1908-இல் பஃபலோ நகரில் அவர் கட்டிய ஓட்டலில் ஒவ்வொரு அறைக்கும் தனிக் குளியலறை, வாடகை ஒன்றரை டாலர். நடைபாதைக் கோடியில் இருக்கும் பொதுக் குளியலறைக்குத் துண்டோடு நடந்துபோவதுதான் சாதாரணப் பயணிக்கு அன்று வழக்கம். இவரால் மட்டும் எப்படி முடிந்தது? இரண்டு குளியலறைகளை முதுகோடு முதுகாக வைத்து, நடுவில் ஒரே குழாய்ப் பாதையை மேல் மாடிவரை கொண்டுபோனார். குழாய்ச் செலவு குறைந்தது. விற்பனைக்காக ஊரூராக அலைந்த சாதாரண மனிதனுக்கு, கதவைச் சாத்திக்கொண்டு வெந்நீரில் குளிக்கிற கௌரவம் கிடைத்தது. விருந்தோம்பல் என்று நாம் வாய் நிறையச் சொல்கிறோமே, அதை அந்த மனிதர் ஒரு குழாய்க் கணக்கில் செய்து காட்டியிருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

கணக்கு ஏமாற்றுகிற இடமும் உண்டு. வகுப்பில் ரெவ்பார் என்று ஒன்றைச் சொல்லித் தருவார்கள். மொத்த அறை வருமானத்தை, இருக்கிற அறைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. நூறு அறை ஓட்டலில் 70 அறைகள் 5,000 ரூபாய்க்குப் போனால் ரெவ்பார் 3,500. விலையை 4,000-க்கு இறக்கி 90 அறைகளை விற்றால் 3,600. மீட்டிங்கில் எல்லோரும் கை தட்டுவார்கள். வருமானம் 10,000 ரூபாய் கூடியிருக்கிறது, சரி. கூடுதலாக விற்ற 20 அறைகளுக்கு சலவை, சோப்பு, மின்சாரம், ஆள் என்று அறைக்கு 600 ரூபாய் செலவு வைத்தால் 12,000. விற்பனை ஏறி, லாபம் இறங்கியிருக்கிறது. தவிர, அந்த 20 அறைகளை யார் சுத்தம் செய்வது? ஏற்கெனவே ஆளுக்குப் பதினாலு, பதினைந்து அறை பார்க்கிற அதே பெண்கள்தான். செக்-அவுட் ஆன அறை என்றால் மெத்தையைத் தூக்கி விரிப்பு முழுவதும் மாற்ற வேண்டும், குளியலறையை முழங்காலிட்டுத் தேய்க்க வேண்டும். கூடுதல் ஆள் போடாமல் அந்த 12,000-ஐக் குறைத்துக் காட்டுகிற மேனேஜர்கள் இருக்கிறார்கள். அப்போது அந்தச் செலவு அந்தப் பெண்களுடைய இடுப்பு வலியாகப் போய்ச் சேர்கிறது, எந்த ரிப்போர்ட்டிலும் வராது. மீட்டிங்கில் அந்த 20 அறைகளைப் பற்றிக் கேட்கிறவள் நீயாக இருக்க வேண்டும். எண் கையில் இல்லாமல் கேட்டால் "பாவம் பார்க்கிறாள்" என்று ஒதுக்கிவிடுவார்கள்.

மனசு மட்டும் போதாது என்பதற்கு நியூயார்க்கில் ஓர் உதாரணம். டேனி மெயர் என்ற பெயர்பெற்ற உணவக அதிபர் 2015-இல் தன் உணவகங்களில் டிப்ஸை நிறுத்தினார். அடுப்படியில் நிற்கிறவர்களுக்கும் சர்வர்களுக்கும் வருமானத்தில் இருந்த பெரிய இடைவெளியைக் குறைப்பது அவர் நோக்கம், அதற்காக மெனு விலையை ஏற்றினார். உயர்ந்த நோக்கம்தான். ஆனால் பழைய சர்வர்கள் பலர் விலகினார்கள், 2020-இல் கொரோனா காலத்தில் டிப்ஸ் திரும்பி வந்தது. அவர் செய்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். இதை நீ ஒரு ப்ராஜெக்டாக எடுத்து, எந்த எண்ணை மாற்றியிருந்தால் அந்தத் திட்டம் நிலைத்திருக்கும் என்று பார். உங்கள் தலைமுறை தீர்க்க வேண்டிய கணக்கு அது.

ஸ்விட்சர்லாந்தில் ஓட்டல், உணவகத் தொழிலாளர்களுக்கு நாடு தழுவிய கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது. வழக்கமான வேலை நேரம் வாரத்துக்கு 42 மணி, ஆண்டுக்கு ஐந்து வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதற்குள்தான் அங்கே ஓட்டல்கள் நடக்கின்றன. நம் ஊரில் பன்னிரண்டு மணி நேர டியூட்டியையும், மதியம் வெளியே விட்டு மாலையில் திரும்பக் கூப்பிடுகிற பிரேக் ஷிஃப்ட்டையும் தொழில் தர்மம் மாதிரி பேசுகிறோம். நல்ல பிள்ளைகள் மூன்றே வருஷத்தில் வேறு வேலை தேடிப் போவதற்கு அதுதான் காரணம் என்பேன். 42 மணிக்குள் ஒரு வாரத்து ரோஸ்டரை அங்கே எப்படிப் போடுகிறார்கள் என்பதை வரி வரியாகக் கற்றுக்கொண்டு வா. அங்கே நீ படிக்கிற வேறு எதைவிடவும் இங்கே அதற்குத்தான் பஞ்சம்.

ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்கு எல்லோரும் ஃப்ரண்ட் ஆஃபீஸ் கேட்பார்கள். நீ ஹவுஸ்கீப்பிங் கேள். இடையில் சில நாள் நைட் ஆடிட்டரோடு உட்கார அனுமதி வாங்கு. ஒரு நாளின் மொத்த ஓட்டலும் நள்ளிரவில் அவர் மேசையில்தான் வந்து சேரும்: எந்த அறை காலி, எந்த பார் பில் நிலுவை, யார் புக் செய்துவிட்டு வரவில்லை, எல்லாம்.

இன்னொன்று. 1980-களிலிருந்து அகதிகளாக வந்த ஈழத் தமிழர்கள் பலர் ஸ்விஸ் உணவகச் சமையலறைகளில் உழைத்துத்தான் அந்த நாட்டில் காலூன்றினார்கள். நீ போகிற ஓட்டலின் பாத்திரம் கழுவுமிடத்திலோ அடுப்படியிலோ தமிழ் கேட்க வாய்ப்பு உண்டு. கேட்டால் போய் "வணக்கம் அண்ணா" என்று பேசு. ரோஸ்டர் எத்தனை நாள் முன்னால் ஒட்டுகிறார்கள், எழுதிய நேரத்துக்கு வீட்டுக்கு விடுகிறார்களா, ஓவர்டைமுக்குக் காசு வருகிறதா என்று விசாரி. அங்கே இன்டர்ன்ஷிப் சேர்வதா வேண்டாமா என்பதை அவர் சொல்கிற பதிலை வைத்து முடிவு செய்.

அன்புடன்,
மாமா