மேட்டுத் தெருவில் நம் கோயில்

போன பள்ளி விடுமுறையில் எங்கள் சாஆ கோயில் இளைஞர் பிரிவிலிருந்து 32 பேர் ஒரு பஸ் எடுத்துக்கொண்டு கோலாலம்பூர் போனோம். காலையில் பத்துமலை, மதியத்துக்குப் பிறகு பழைய நகரம், ராத்திரி ஊர் திரும்புவது. இதுதான் திட்டம். நான் அங்கே மின்பொறியியல் படிக்கிறேன் என்பதால், “நீதான்டா வழிகாட்டி” என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பத்துமலையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. மஸ்ஜிட் ஜாமேக் எல்.ஆர்.டி. நிலையத்துக்குப் பக்கத்தில் இறங்கி, இரண்டு ஆறுகள் சேரும் இடத்தைக் காட்டினேன். எல்லாரும் படம் பிடித்தார்கள். அப்போது பதிமூன்று வயது தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணே, இங்க நம்ம ஆளுங்க என்னதான் செஞ்சாங்க?” “கோயில் கட்டுனாங்க, இப்ப காட்டறேன் வா” என்றேன். “அவ்ளோதானா?” என்றான். எனக்கு மேலே சொல்ல ஒன்றும் தெரியவில்லை. பால்மரம் வெட்டிய என் தாத்தாவும், “அது துரைங்க பட்டணம்யா, நமக்குத் தோட்டந்தான்” என்றுதான் சொல்வார். அந்தப் பேச்சை நானும் அப்படியே நம்பியிருந்தேன் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கே புரிந்தது.

அதன் பிறகு மூன்று சனிக்கிழமை தனியாகப் போய் நடந்தேன், நூலகத்திலும் தேடினேன். அன்றைக்கு அந்தத் தம்பியிடம் நான் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அடுத்து பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுகிற முனையில்தான் இந்த ஊர் பிறந்தது. மலாயில் ‘கோலா’ என்றால் ஆறுகள் கூடும் வாய், ‘லும்பூர்’ என்றால் சேறு. 1857-இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா ஈயம் தேட 87 சீனத் தொழிலாளர்களைப் படகில் அனுப்பினார். அவர்கள் இந்த முனையில் கரையேறி, காட்டு வழியே அம்பாங் வரைக்கும் நடந்தார்கள். ஒரு மாதத்துக்குள் அவர்களில் பெரும்பாலோர் காய்ச்சலில் இறந்துபோனார்கள். ஆனாலும் ஈயம் கிடைத்தது, கூடவே கடைகளும் வந்தன. சீனர்களின் தலைவராக இருந்த காப்பித்தான் யாப் ஆ லோய் சந்தை நடத்திய இடம் இன்றைக்கு மேடான் பாசார். அங்கே நிற்கிற மணிக்கூண்டு அவர் காலத்தது இல்லை. ஆறாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடியதை ஒட்டி 1937-இல் கட்டியது.

1881-இல் ஒரே வருடத்தில் நகரத்துக்கு இரண்டு அடி. முதலில் நெருப்பு, பிறகு வெள்ளம். அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் எவ்வளவு தாங்கும்? அடுத்து ரெசிடெண்டாக வந்த சுவெட்டன்ஹாம், கடைகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்றார். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே அந்தச் செங்கல் சூளைகளால் வந்ததுதான். ஒரு சின்ன எச்சரிக்கை: “அந்தச் செங்கல்லு பூரா நம்மாளு சுட்டது” என்று எங்கள் பஸ்ஸிலேயே ஓர் அண்ணன் சொன்னார். சூளை வேலையை முன்னால் நின்று தொடங்கியவர் யாப் ஆ லோய். நம்முடையது அல்லாததை நம்முடையது என்று சொல்லத் தேவையில்லை, நம்முடையதே நிறைய இருக்கிறது.

வெள்ளத்துக்கு வருவோம். இந்தப் பகுதியில் நடக்கும்போது தரை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று காலால் கவனித்துப் பாருங்கள். ஜாலான் துன் எச்.எஸ். லீ சாலைக்கு முன்பு ஜாலான் பண்டார் என்று பெயர், அதற்கும் முன்பு ஹை ஸ்திரீட். அதாவது மேட்டுத் தெரு. சுற்றியுள்ள தெருக்களைவிடக் கொஞ்சம் உயரம், அதனால் தண்ணீர் ஏறுவது குறைவு. நம் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் இந்தத் தெருவில்தான் இருக்கிறது. 1873-இல் வேறோர் இடத்தில் தொடங்கிய அந்தக் கோயில், 1885-இல் இங்கே மாறி வந்தது. முதலில் அத்தாப்புக் கொட்டகைதான். 1887-இல் அதை எடுத்துவிட்டுச் செங்கல்லால் கட்டினார்கள். இன்று நாம் பார்க்கிற கட்டடம் 1968-இல் எழுந்தது. ஐந்து நிலை ராஜகோபுரம், உயரம் 22.9 மீட்டர். கிட்டத்திலேயே சிவப்பு நிறத்தில் குவான் டி சீனக் கோயில், 1888-ஐச் சேர்ந்தது. அம்மனுக்கு மாலை வாங்கிக்கொண்டு வருகிற வழியில் அந்த ஊதுவத்திப் புகையும் சேர்ந்துதான் மூக்கில் ஏறும்.

இந்தக் கோயிலைத் தொடங்கியவர் காயரோகணம் தம்புசாமி பிள்ளை. பெயர் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ‘கோயில் கட்டியவர்’ என்பதோடு நிறுத்திவிடுகிறோம், நானும் அப்படித்தான் நிறுத்தினேன். சிங்கப்பூரில் பிறந்தவர், சிலாங்கூர் அரசாங்கக் கருவூலத்தில் எழுத்தர் வேலை பார்த்தவர். பிறகு ஈயச் சுரங்கத்தில் இறங்கினார். 1893-இல் நிறுவப்பட்ட விக்டோரியா இன்ஸ்டிட்யூஷன் பள்ளியின் தொடக்க அறங்காவலர்களில் அவரும் ஒருவர். அந்தப் பள்ளியும் முதலில் இதே ஹை ஸ்திரீட்டில்தான் இருந்தது. பத்துமலையில் முருகனுக்குக் கோயில் எழுந்ததும் (1891) அவர் முயற்சியால்தான். அடுத்த ஆண்டு அங்கே தைப்பூசம் தொடங்கியது.

என்னை நிற்க வைத்தது வேறு ஒரு செய்தி. 1894-இல் தம்புசாமி பிள்ளையும் லோக் இயூவும் சேர்ந்து ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு ஒரு மின்னாக்கி வைத்தார்கள். மலாயாவில் மின்சார பம்பு வைத்துச் சுரங்கத் தண்ணீரை இறைத்தது அதுதான் முதல் தடவை. நம் நாட்டில் மின்சார உற்பத்தி பற்றிக் கிடைக்கிற மிகப் பழைய பதிவும் அதுவே. கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கே அடுத்த வருடம் 1895-இல்தான் மின்சாரம் வந்தது. நான் மூன்று வருடமாக மோட்டார், பம்பு, ஜெனரேட்டர் என்று படித்துத் தேர்வு எழுதுகிறேன். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் வெள்ளி ரதத்தின் பின்னால் இந்தத் தெருவிலிருந்துதான் நடக்கத் தொடங்குகிறேன். இந்த இரண்டையும் ஒரே மனிதர் தொட்டிருக்கிறார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஆரம்பத்தில் இது அவர் குடும்பத்துக் கோயில். பொதுமக்கள் எல்லாருக்கும் திறந்துவிட்டது 1920-களின் பிற்பகுதியில்தான். நம் தாத்தாவின் அப்பா மாதிரி கூலிக்கு வந்தவர்கள் அதற்கு முன்னால் இங்கே நின்று கும்பிட்டிருக்க முடியுமா? சந்தேகம்தான்.

அவர்கள் எங்கே இருந்தார்கள்? ரயில் தண்டவாளத்தில் பாருங்கள். 1886-இல் கிள்ளான் பக்கம் போகும் ரயில் ஓடத் தொடங்கியபோதும் அதற்குப் பிறகும், தண்டவாளம் போட்டதிலும் பொதுப்பணி இலாகாவில் சாலை போட்டதிலும் பெரும்பகுதி தமிழர் கைகள். நிலையத்திலும் அலுவலகத்திலும் கணக்கு எழுதியவர்களில் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர். இவர்கள் பெயரில் தெரு இல்லை. நகரத்தில் ஜாலான் தம்புசாமி இருக்கிறது, தண்டவாளம் போட்ட ஒருவர் பெயரிலும் ஒரு சந்துகூட இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

லெபோ அம்பாங்குக்கும் கட்டாயம் கூட்டிப் போங்கள். அம்பாங் சுரங்கத்துக்குப் போகிற பழைய வழி அது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கே கடைவீடுகளில் கிட்டங்கி வைத்துக் கடன் கொடுத்தார்கள். தரையில் பாய், முன்னால் ஒரு சின்ன மரப்பெட்டி. அதுதான் அவர்களுடைய வங்கி. தோட்டம் வாங்கவும் சுரங்கம் தோண்டவும் பலர் அந்தப் பெட்டியடிக்கு வந்தார்கள். வட்டியால் நொந்தவர்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். கொஞ்ச தூரத்தில் மஸ்ஜிட் இந்தியா. 1863-இல் தொடங்கிய அந்தப் பள்ளிவாசலில் தமிழில் பிரசங்கம் கேட்கலாம். அதையும் ‘நம்ம ஆளுங்க’ கணக்கில் சேர்க்காமல் விட்டால் கணக்கு தப்பு.

மெர்டேகா சதுக்கத்துக்கு எதிரே உள்ள சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தில் அதிக நேரம் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. அதை எல்லாரும் எப்படியும் படம் பிடிப்பார்கள். 1897-இல் முடிந்த கட்டடம், மணிக்கூண்டு சுமார் 41 மீட்டர். கவனிக்க வேண்டியது அதன் பாணி. வில் வளைவுகளும் குவிமாடமும் கொண்ட இந்தோ-சாராசெனிக் பாணி, பிரிட்டிஷார் இந்தியாவில் பழகிக்கொண்டு வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் படத்தை கைப்பேசியில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஆறுகள் கூடும் முனையில் 1909-இல் திறந்த மஸ்ஜிட் ஜாமேக்கை வரைந்த ஹப்பாக் என்ற கட்டடக்கலைஞரும் அதே வழிதான்.

கடைசியாகப் பொறியியல் மாணவனின் ஆசைக்கு ஒன்று. மேட்டில் கட்டித் தப்பிக்கிற பழைய யோசனை நகரம் வளர வளரப் போதவில்லை. 1926-இல் பெருவெள்ளம், 1971-இல் மறுபடியும். அதனால் வந்ததுதான் 2007-இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கப்பாதை, நீளம் 9.7 கிலோமீட்டர். ஆறு பெருகும்போது தண்ணீரை இந்த முனைக்கு வரும் முன்பே பிடித்து, நிலத்துக்கு அடியில் நகரத்தைச் சுற்றிக் கொண்டுபோய்த் தெற்கே விடுகிறது. மழை பெரிதாக இல்லாத நாளில் அதன் ஒரு பகுதியில் கார் ஓடும். பெருவெள்ளம் வந்தால் கார்களை வெளியேற்றிவிட்டு அந்தப் பாதையையும் தண்ணீருக்கு விட்டுவிடுவார்கள். அம்மன் கோயில் மேட்டுத் தெருவுக்கு வந்ததையும் இந்தச் சுரங்கத்தையும் சேர்த்துச் சொன்னால், பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். போன மாதம் மூன்று பேரை வைத்துப் பரிசோதித்துவிட்டேன். அதில் ஒருவன் அதே தம்பி. இந்தத் தடவை அவன் கேட்டது, “அப்ப அந்த பம்பு இப்ப எங்கண்ணே இருக்கு?”

அடுத்த நடை வரும் விடுமுறையின் முதல் சனிக்கிழமை. வெயிலுக்கு முன்னால், காலை எட்டு மணிக்கு மஸ்ஜிட் ஜாமேக் நிலைய வாசலில் கூடுவோம். பசியாறிவிட்டு வாருங்கள். நடை சாத்துவதற்கு முன்பே கோயிலுக்குப் போய்விட வேண்டும். உங்கள் வீட்டில் ரயில்வேயிலோ பொதுப்பணி இலாகாவிலோ வேலை பார்த்த தாத்தா பாட்டியின் பழைய படம், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை ஏதாவது இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்துக் கொண்டு வாருங்கள். என் தாத்தாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.