வாகைக்குளம் டு சென்னை: 62 நிமிஷம் எப்படி ஒன்றரை மணி நேரம் ஆச்சு?

போன வருஷம் சென்னையில எனக்கு ஒரு இன்டர்வியூ. ஊர் முக்கூடல். அம்மா பீடி சுத்திச் சேர்த்த காசுல தூத்துக்குடி (வாகைக்குளம்) விமான நிலையத்துல இருந்து டிக்கெட் போட்டேன். இன்ஜினியர் இல்லையா, பயண நேரத்தை நானே கணக்குப் போட்டேன். 40 நிமிஷம் லேட்டாப் போய் நின்னேன். தப்பு எங்கன்னு பார்ப்போம்.

படி 1: தூரம்

வாகைக்குளம்: வடக்கு 8.72°, கிழக்கு 78.03°
சென்னை: வடக்கு 12.99°, கிழக்கு 80.17°

ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 111 கி.மீ. அப்போ வடக்கே 4.27 × 111 = 474 கி.மீ. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கிட்டே போகும். அதனால சராசரி அட்சரேகையோட காஸ் மதிப்பால (காஸ் 10.9° = 0.982) பெருக்கணும்: 2.14 × 111 × 0.982 = 233 கி.மீ. மிச்சம் நம்ம பிதாகரஸ்தான்:

√(474² + 233²) = 528 கி.மீ.

இதுவரைக்கும் சரி. தூரம் குறைவா இருக்கிறதால பூமியோட வளைவால வர்ற பிழை ரொம்பச் சின்னது.

படி 2: நேரம்

இந்த ரூட்ல ஓடுற ஏடிஆர் 72 விமானத்தோட க்ரூஸ் வேகம் மணிக்கு சுமார் 510 கி.மீ. 528 ÷ 510 = 62 நிமிஷம். டிக்கெட்ல ஒன்றரை மணி நேரம் வாக்குல போட்டிருந்தாங்க. சும்மா கூட்டிப் போட்டிருக்காங்கன்னு நினைச்சேன். அங்கதான் சறுக்கல்.

டிக்கெட்ல இருக்கிறது ‘பிளாக் டைம்’. விமானம் நிக்கிற இடத்தை விட்டு நகர்றதுல இருந்து, போய்ச் சேர்ந்து நிக்கிற வரைக்கும். அதுல என்னென்ன அடங்கும்?

• ரன்வே வரைக்கும் தரையில ஊர்ந்து போறது
• மேல ஏறும்போதும், இறங்க வரும்போதும் வேகம் குறைவு
• ரன்வே இருக்கிற திசைக்கு ஏத்த மாதிரி சுத்தி வர்றது, சென்னை வானத்துல வரிசை
• எதிர்க்காற்று. மணிக்கு 40 கி.மீ. எதிர்த்து அடிச்சா 528 ÷ 470 = 67 நிமிஷம்

இதுல பாதிக்கு மேல தூரத்தோட சம்பந்தமே இல்லாத நிலையான செலவு. ஆட்டோ மீட்டர்ல மினிமம் சார்ஜ் மாதிரி.

சரி, ஜெட் வந்தா? வாகைக்குளம் ரன்வே 1,350 மீட்டரா இருந்தது. இப்போ 3,115 மீட்டர். புது முனையமும் 2025 ஜூலையில திறந்தாச்சு. பெரிய விமானம் இறங்கலாம். மணிக்கு 830 கி.மீ.ன்னா காகிதத்துல 38 நிமிஷம். ஆனா அந்த ‘மினிமம் சார்ஜ்’ அப்படியேதான் இருக்கும். மிச்சமாகுறது அதிகபட்சம் 20 நிமிஷம் சொச்சம்.

படி 3: வாசல் டு வாசல்

விமானம்: முக்கூடல்–வாகைக்குளம் ஒன்றரை மணி, முன்கூட்டியே போக 2, பறக்க ஒன்றரை, சென்னையில இறங்கி வெளிய வந்து இடம் சேர ஒன்றரை. மொத்தம் ஆறரை மணி நேரம்.

வந்தே பாரத்: நெல்லை ஜங்ஷன் போக 1, காத்திருக்க அரை, ரயில்ல கிட்டத்தட்ட 8, எழும்பூர்ல இருந்து அரை. மொத்தம் 10.

காகிதத்துல 7 மணி நேர லாபம். நிஜத்துல மூன்றரை. அதுக்கு எவ்வளவு கொடுக்கலாம்னு அவங்கவங்க முடிவு பண்ணிக்கோங்க.

ஊருக்குத் திரும்பினப்போ அம்மா திட்டல. “அடுத்த இன்டர்வியூ எப்பம்லே?”ன்னு மட்டும் கேட்டாங்க. அதுக்கு முந்தின ராத்திரியே நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறிட்டேன்.