வாடிய முகமும் வெண்புள்ளி முகமும்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வரிசையைப் பார்த்துக்கொண்டே போகும்போது, "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்! நெற்றியைத் தொட்டால் சுடும். தொடும் முன்பே அது எப்படித் தெரிந்தது?

சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். நலமாக இருந்த 16 பேருக்கு ஈ.கோலி பாக்டீரியாவின் நச்சுப்பொருளைச் சிறிதளவு ஊசி மூலம் செலுத்தினார்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் படம் எடுத்தார்கள். மருந்தில்லாத வெற்று ஊசி போட்டும் அதேபோல் எடுத்தார்கள். 62 பேர் ஒவ்வொரு படத்தையும் ஐந்து விநாடிக்குள் பார்த்துச் சொல்ல வேண்டும். வெளிறிய உதடு, தொங்கும் இமை, கீழிறங்கிய வாயோரம், லேசான முகவீக்கம் ஆகியவைதாம் காட்டிக்கொடுத்த அடையாளங்கள். ஆனால் நோயுற்ற படங்களில் ஏறக்குறைய பாதிதான் பிடிபட்டன. நலமாக இருந்த படங்களிலும் பத்துக்கு மூன்றை 'நோயாளி' என்றார்கள். (நம் பிள்ளைகளின் நிறத்தில் தோல் வெளிறுவது சட்டென்று தெரியாது. உதட்டையும் கண்ணையும்தான் பார்க்க வேண்டும்.)

முகம் பார்த்து ஒதுங்கும் இந்த இயல்பை, நடத்தைவழி நோய்த்தடுப்பு என்கிறார் கனடா உளவியலாளர் மார்க் ஷாலர். நோயாளியைத் தவறவிட்டால் தொற்று வரும். நலமானவரை விட்டு விலகினால் நமக்குப் பெரிய நட்டமில்லை. அதனால் தாளிப்புப் புகைக்கே அலறும் எச்சரிக்கை மணிபோல, தொற்றாத அடையாளத்துக்கும் மனம் அலறுகிறது.

முன்பு நான் பணியாற்றிய பள்ளியில், ஏழாம் வகுப்பில் ஒரு மாணவிக்கு உதட்டோரம் வெண்புள்ளி. மதிய உணவின்போது அவள் பக்கத்தில் இடம் காலியாகவே இருக்கும். அதே வரிசையில் மூக்கு ஒழுகிய பையனின் தண்ணீர் பாட்டிலை மூன்று பேர் மாற்றி மாற்றிக் குடித்தார்கள்! பிள்ளைகளைக் கண்டிக்க நினைத்திருந்தேன். அன்று நோட்டுத் திருத்தும்போது எல்லோரிடமும் கையில் வாங்கிக்கொண்டிருந்தேன். அவள் முறை வந்தது. "மேசையிலேயே வச்சிடுறேன் சார்" என்றாள். அப்படிச் சொல்ல அவளைப் பழக்கியது நான்தான்.

அடுத்த அறிவியல் வகுப்பில், 'வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று முகத்தில் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?' என்று எழுதச் சொன்னேன். அவற்றைக் கரும்பலகையில் போட்டு, முகத்தில் தெரியும் மற்ற மாற்றங்களையும் சேர்த்து, தொற்றுவது எது, தொற்றாதது எது என்று பிள்ளைகளையே பிரிக்க வைத்தேன். வெண்புள்ளியைப் பலர் 'தொற்றும்' பக்கம் எழுதினார்கள். தோலின் நிறமிச் செல்கள் அழிவதால் வருவது அது, கிருமியால் அல்ல, தொட்டாலும் சேர்ந்து சாப்பிட்டாலும் பரவாது என்று விளக்கியதும் அவர்களே அழித்து மாற்றினார்கள்.

மறுநாள் அவள் நோட்டுக்குக் கையை நீட்டினேன். ஒரு கணம் மேசையைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.