பில் கேட்காத தொழிற்சாலை

கேள்வி: உற்பத்தி நிறுவனங்கள் ‘ரீஎன்ஜினியரிங்’ என்ற பெயரில் தம் பணிமுறைகளைத் திருத்தியமைக்கின்றனவே, இவ்வழக்கம் எங்கிருந்து தொடங்கியது?

பதில்: இச்சொல்லைப் பரப்பியவர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்த மைக்கேல் ஹேமர். 1990-இல் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ’ இதழில் அவர் எழுதிய கட்டுரையும், ஜேம்ஸ் சாம்பியுடன் இணைந்து 1993-இல் வெளியிட்ட நூலும் அதை உலகெங்கும் கொண்டுசென்றன. ஆனால் அக்கட்டுரை முதன்மைச் சான்றாகக் காட்டிய மாற்றம் ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தில் 1980-களிலேயே நிகழ்ந்தது. அதுவும் கார் உருவாகும் தளத்தில் அன்று, உதிரிபாகம் தருவோருக்குப் பணம் பட்டுவாடா செய்யும் கணக்குப் பிரிவில். 1913-இல் நகரும் பொருத்துவரிசையை அமைத்து உற்பத்தித் தளத்தையே புரட்டிப்போட்ட நிறுவனம், தன் காகித வேலையை எழுபது ஆண்டுகள் பழைய தடத்திலேயே விட்டுவைத்திருந்தது என்பது வியப்புக்குரியது.

வட அமெரிக்காவில் அப்பிரிவில் 500-க்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். கணினிகளைப் புகுத்தினால் ஆள்தொகையில் 20 விழுக்காடு குறையும் என்று நிர்வாகம் கணக்கிட்டுக்கொண்டிருந்தபோது, ஃபோர்டு பங்கு வைத்திருந்த ஜப்பானிய நிறுவனமான மஸ்தா அதே வேலையை 5 பேரைக் கொண்டே முடிப்பது தெரியவந்தது. மஸ்தா அளவில் சிறியது என்பதைக் கழித்துப் பார்த்தாலும், ஃபோர்டின் பிரிவு இருக்கவேண்டியதைப் போல் ஐந்து மடங்கு பெருத்திருந்தது.

குறை ஆட்களிடம் இல்லை. வேலை சென்ற வழியில் இருந்தது. கொள்முதல் பிரிவு எழுதும் ஆணையின் நகல், சரக்கு இறங்குமிடத்தில் எழுதப்படும் வரவுச்சீட்டு, பொருள் அனுப்பியவர் தரும் பில் ஆகிய மூன்றும் கணக்குப் பிரிவுக்கு வந்துசேர்ந்து, அவற்றிலுள்ள 14 விவரங்கள் ஒத்துப்போனால்தான் பணம் விடுவிக்கப்பட்டது. ஒத்துப்போகாதவற்றின் காரணத்தைத் துருவுவதிலேயே பெரும்பொழுது கழிந்தது.

ஃபோர்டு இந்த ஒப்பீட்டை விரைவுபடுத்த முனையாமல், ‘பில் வந்தால் பணம்’ என்ற விதியையே ‘பொருள் வந்தால் பணம்’ என்று மாற்றியது. ஆணை ஒரு தரவுத்தளத்தில், அதாவது பல பிரிவினரும் பார்க்கக்கூடிய பொதுக் கணினிப் பதிவேட்டில், ஏற்றப்பட்டது. சரக்கைப் பெறும் எழுத்தர் அதனோடு சரிபார்த்து, பொருந்தினால் ஏற்றுக்கொண்டார், பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பினார். பில்லுக்கே வேலையில்லாமல் போயிற்று. ஒப்பிடவேண்டியவை பொருளின் எண், அளவலகு, வழங்குநர் குறியீடு என மூன்றாகச் சுருங்க, புதிய முறை நடைமுறைக்கு வந்த இடங்களில் ஆள்தொகை 75 விழுக்காடு குறைந்தது. செயல்முறை மறுவடிவாக்கம் என்று தமிழில் குறிக்கத்தக்கது இதுவே. இங்குச் செயல்முறை என்பது ஒரு துறையின் வேலையைச் சுட்டாது, ஆணை எழுதுவது முதல் பணம் செலுத்துவது வரை பல துறைகளின் ஊடே செல்லும் முழுத் தொடரையும் சுட்டும்.

பின்வந்த நிறுவனங்கள் பலவற்றின் கண் விதி மாற்றத்தைவிட அந்த 75-இன் மீதே பதிந்தது போலும். சில ஆண்டுகளிலேயே ‘ரீஎன்ஜினியரிங்’ என்ற சொல் ஆட்குறைப்புக்கு மறுபெயராயிற்று. இதே கருத்தை 1990-இல் முன்வைத்தோருள் ஒருவரான தாமஸ் டேவன்போர்ட், அது மனிதரை மறந்த மோகமாகிவிட்டதென 1995-இல் கண்டித்தார். மறு ஆண்டில் ஹேமரும், பொறியாளர் பார்வையில் மூழ்கி மனிதர் பக்கத்தைப் போதிய அளவு கருதாதிருந்ததை ஒப்புக்கொண்டார்.