பெட்ரோல் பிக்கப்புக்கு ஃபியூயல் கூலர் வைக்கப் போகிறீர்களா?

அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் பகல் வெயில் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த வெயிலில் 1980, 90களின் பிக்கப் வண்டிகளில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, இன்ஜின் திணறி நின்றுவிடும். இதைத்தான் வேப்பர் லாக் என்கிறார்கள். கூலர் இதற்கு நல்ல மருந்து. ஆனால் இடமறிந்து வைக்க வேண்டும்.

1. முதலில் கோளாறு எதுவென்று உறுதி செய்யுங்கள். வெயிலில் ஓட்டி வந்து கடை வாசலில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு, மறுபடி கிளப்பும்போது மட்டும் திணறினால் சூடுதான் காரணமாக இருக்கும். விடியற்காலையிலும் திணறினால் ஃபில்டர் அடைப்பு, பம்ப் தேய்மானம் ஆகியவற்றைப் பாருங்கள். அவற்றைக் கூலர் சரிசெய்யாது.

2. கூலரை ரிட்டர்ன் லைனில் வையுங்கள். பம்ப் அனுப்பும் பெட்ரோலில் இன்ஜின் எரிப்பது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கொதிக்கும் இன்ஜினைச் சுற்றிவிட்டு, சூட்டோடு டேங்குக்கே திரும்புகிறது. நீண்ட தூரம் போனால் டேங்க் முழுக்கச் சூடேறிவிடும். திரும்பும் வழியிலேயே ஆற்றி அனுப்புவதுதான் முறை. ஃபோர்டு எஃப்-150 போன்ற பழைய வண்டிகளில் இரண்டு டேங்க் இருந்தால், லைன் இரண்டாகப் பிரிவதற்கு முன்பே கூலர் வர வேண்டும்.

3. உங்கள் வண்டியில் ரிட்டர்ன் லைன் இருக்கிறதா? 1990களின் கடைசியிலிருந்து வந்த பல வண்டிகளில் அது கிடையாது. டேங்கிலிருந்து ஆவியை மட்டும் கொண்டுபோகும் மெல்லிய குழாயை ரிட்டர்ன் லைன் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

4. ஃபின் வைத்த அலுமினியக் குழாய்க் கூலரே போதும். டியூராமேக்ஸ் டீசல் பிக்கப்களில் கம்பெனியே இப்படி ஒன்றை வைத்திருக்கிறது. பழைய வண்டி உடைக்கும் யார்டில் கிடைத்தால் உள்ளே டீசல் தங்காமல் நன்றாகக் கழுவி எடுங்கள். துளை உங்கள் ரிட்டர்ன் லைனைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. இருந்தால் பெட்ரோல் திரும்ப முடியாமல் அழுத்தம் ஏறும், வண்டி கரும்புகை கக்கும்.

5. சேஸிஸ் சட்டத்தின் பக்கவாட்டில், ஓடும்போது காற்றடிக்கும் இடத்தில், சைலன்சர் குழாய்க்கு எதிர்ப்பக்கமாகப் பொருத்துங்கள். சட்டத்துக்குக் கீழே தொங்கினால் ஒரு கல் பட்டாலே போச்சு.

6. ஹோஸின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள்: எஸ்.ஏ.இ. 30ஆர்9 என்று இருக்கட்டும். தண்ணீர் ஹோஸ், வேக்யூம் ஹோஸ் எதுவும் இங்கே உதவாது. பெட்ரோல் அவற்றை உப்ப வைத்துவிடும். பட்டையில் வெட்டு இருக்கும் சாதாரண கிளாம்ப் ரப்பரை அறுத்துவிடும். உட்பக்கம் வழவழப்பான ஃபியூயல் இன்ஜெக்ஷன் கிளாம்ப் வாங்குங்கள். குழாய் முனையில் சின்ன விளிம்புப் புடைப்பு இருக்க வேண்டும். ஹோஸ் அந்தப் புடைப்பைத் தாண்டி ஏறி, கிளாம்ப் அதற்குப் பின்னால் இறுகினால்தான் கழன்று வராது.

7. வேலையைத் தொடங்கும் முன் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றவிட்டு, லைனில் உள்ள அழுத்தத்தை இறக்குங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இன்ஜின் ஆறியிருக்கட்டும். மூடிய கராஜில் செய்யாதீர்கள். தண்ணீர் சூடாக்கும் கேஸ் ஹீட்டரின் சிறு சுடர் அங்கேயே எரிந்துகொண்டிருக்கும், பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து அதைத் தேடிப் போகும். பெட்ரோல் தீக்கு ஏற்ற தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும்.

8. முடித்ததும் வண்டியைக் கிளப்பி, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் பட்டால் உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். கூலர் வைப்பதற்கு முன்னும் பின்னும் கேஜ் வைத்து அழுத்தம் பாருங்கள். செவர்லே 350 டி.பி.ஐ. (த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷன்) இன்ஜினில் அது 9 முதல் 13 பி.எஸ்.ஐ. வரை இருக்கும்.

9. வெளிக்காற்றின் சூட்டுக்குக் கீழே கூலர் பெட்ரோலை ஆற்றாது. வண்டி நின்றால் காற்றோட்டமும் நின்றுவிடும். அதனால் சைலன்சருக்கும் பெட்ரோல் குழாய்க்கும் நடுவே தகடு மறைப்பு வைப்பது, குழாய்க்கு வெப்பம் தாங்கும் உறை போடுவது ஆகிய இரண்டையும் கூலருக்கு முன்பே செய்துவிடுங்கள். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும். குழாயில் மரக் கிளிப் மாட்டும் பழைய கைவைத்தியத்தால் சொல்லிக்கொள்ளும்படி பலனில்லை.

10. கோடையில் டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். குளிர்காலத்தில் நிரப்பியது சீக்கிரம் ஆவியாகும் கலவை. ஏப்ரல் வெயில் வருவதற்குள் அதை ஓட்டித் தீர்த்துவிடுங்கள்.

11. நடுவழியில் நின்றுவிட்டால் பானட்டைத் திறந்து ஆறவிடுங்கள். பம்ப் இன்ஜின் மேலேயே இருக்கும் கார்புரேட்டர் வண்டியானால் ஈரத்துணியை அந்தப் பம்பின் மேல் போடலாம். டேங்க் மூடியை மட்டும் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். சூடான பெட்ரோல் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.